உறையே காவலாதல்

வடபுலக் கரைகளில் பிடிபடும் நீல நண்டின் சதை, பெண்களின் விரல்களால் நுணுக்கமாகப் பிரித்தெடுக்கப்பட்டு, பேணிகளில் அடைபட்டு அமெரிக்கச் சந்தையைச் சென்றடைகிறது. ஓடு குழிக்குச் செல்கிறது. நண்டின் நிறையிற் பெரும்பங்கு ஓடும் கழிவுமே. ஆகவே ஏற்றுமதியாவதினும் எறியப்படுவதே மிகுதி. கோடை வெயிலில் ஒரு பகலுக்குள் அது எழுப்பும் நாற்றத்தைக் கரையோர மக்கள் நன்கறிவர்.

காய்ந்த நண்டோட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கைற்றின். அதனைக் காரத்திற் பதப்படுத்தினால் கைற்றோசான் கிடைக்கும். கைற்றோசானை மென்மையான அமிலத்திற் கரைத்து, மெல்லிய படலமாக வார்த்து, அப்படலத்தினுள் முருங்கையிலைச் சாறு போன்றதொரு ஒட்சியேற்ற எதிரியை அடக்கி, உணவைச் சுற்றும் உறையாக்கலாம். உறையிலிருந்து அச்சாறு சிறிது சிறிதாகக் கசிந்து உணவைக் கெடாமற் காக்கும். உலகின் பல ஆய்வுகூடங்களில் இம்முயற்சி நடைபெறுகிறது. கைற்றோசான் மட்டுமன்று, மாப்பொருள், பெக்ரின், கடற்பாசிப் பசைகள் ஆகிய உயிர்ப்பல்பகுதியங்களும் இவ்வாறு படலமாக்கப்படுகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இதனால் விளையக்கூடிய நன்மை எது, எவ்விடத்தில் இது தீங்காக முடியும் என்பதை ஆரவாரமின்றி எடைபோட வேண்டிய காலம் இது.

உணவு கெடுதல் என்றவுடன் பூஞ்சணமும் புளிப்புமே நினைவுக்கு வரும். அவை நுண்ணுயிர்களின் செயல். கொழுப்புள்ள உணவோ நன்றாக உலர்ந்திருந்தாலும் கெடும். அங்கே பகை ஒட்சிசன். ஒளியும் வெப்பமும், இரும்பு, செம்பு ஆகியவற்றின் நுண்துகள்களும் அப்பகைக்குத் துணை. தாக்குண்ட கொழுப்பு மூலக்கூறு அடுத்த மூலக்கூறைத் தாக்கும். அது அதற்கடுத்ததைத் தாக்கும். இச்சங்கிலியின் முடிவில் நாவும் மூக்கும் உணர்வதையே காறல் என்கிறோம். ஒட்சியேற்ற எதிரி தன்னிடமுள்ள ஐதரசன் அணுவொன்றைக் கொடுத்து அச்சங்கிலியை இடையில் அறுக்கிறது. நல்லெண்ணெய் நெடுநாள் காறாதிருப்பதற்கு எள்ளில் உள்ள செசமோல் முதலிய பொருள்கள் காரணம். அவை இல்லாத மீன் கொழுப்பு எளிதில் வீழ்ந்துவிடும்.

நம் கருவாட்டின் கதையைப் பாருங்கள். சூடை போன்ற சிறு மீனின் கொழுப்பு மிக எளிதில் ஒட்சியேறும் இயல்பினது. அதனை உப்பிடுகிறோம். உப்பு நுண்ணுயிரை அடக்கும். ஆனால் கொழுப்பின் ஒட்சியேற்றத்தை விரைவாக்கும். பின்னர் வெயிலில் விரிக்கிறோம். ஒளி அதனை மேலும் தூண்டுகிறது. ஈற்றில், ஒளி தடையின்றிப் புகும் பொலித்தீன் பையில் இட்டுக் கடைவாசலில் தொங்கவிடுகிறோம். சில கிழமைகளில் மீனின் வயிற்றுப்புறம் மஞ்சளாகிப் பின் பழுப்பேறும். பை திறந்ததும் பழைய எண்ணெய் மணம் முகத்திலடிக்கும். பொரித்தாலும் தொண்டையில் கமறல் நிற்கும். உள்ளூரில் அது விலை குறைந்த கருவாடாகிறது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பிய பொதியாயின், பிரித்த கையோடு குப்பைக்குப் போகிறது. பருத்தித்துறைத் தட்டை வடைக்கும் இக்கதி உண்டு. மொறுமொறுப்பு இருக்கும்போதே மணம் கெட்டுவிடும்.

ஒட்சியேற்ற எதிரியை உணவிலேயே கலந்துவிட்டால் என்ன என்ற வினா எழும். ஒட்சியேற்றம் தொடங்குமிடம் காற்றுப்படும் மேற்பரப்பு. கலந்த பொருளோ உள்ளும் புறமும் பரவி, தேவையற்ற இடத்தில் தங்கி, சுவையையும் நிறத்தையும் மாற்றும்; வேண்டிய இடத்தில் விரைவிற் செலவாகித் தீரும். உறையிலிருந்து அளவோடு வந்து மேற்பரப்பைத் தொடர்ந்து காப்பது அறிவுக்கு உகந்த வழி. உறைக்குத் தொழில் கொடுக்கும் எண்ணம் புதிதுமன்று. காலையுணவுத் தானியப் பெட்டிகளின் உள்ளுறையில் பிஎச்ரி என்னும் செயற்கை எதிரியைச் சேர்க்கும் வழக்கம் அமெரிக்காவில் நெடுங்காலமாக உண்டு. 1977 இல் யப்பானின் மிற்சுபிசி காஸ் கெமிக்கல் நிறுவனம் ஏஜ்லெஸ் என்னும் சிறு பொட்டலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அதனுள் இருக்கும் இரும்புத்தூள் துருப்பிடிக்கும்போது பொதியினுள் உள்ள ஒட்சிசனை விழுங்கிவிடும். இன்று வேறுபட்டிருப்பது மூலப்பொருள். பெற்றோலிய பிளாஸ்ரிக்கின் இடத்தில் மண்ணில் மக்கும் பொருளும், செயற்கை எதிரியின் இடத்தில் இலையும் தோலும் விதையும் வந்திருக்கின்றன.

அவ்விலையும் தோலும் விதையும் நம் வளவுகளிலேயே கிடக்கின்றன. முருங்கையிலையில் குவெர்செற்றின், குளோரோசெனிக் அமிலம் முதலிய பீனோல்கள் நிறைய உண்டு. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைச் சுவைத்துவிட்டு எறியும் கொட்டையின் பருப்பில் கலிக் அமிலமும் அதன் வழிவந்த தனின்களும் செறிந்துள்ளன. ஆவணியில் தோட்டமெங்கும் விழுந்து ஈ மொய்க்கும் பனம்பழத்தின் களியில் பெக்ரினும் மஞ்சள் நிறம் தரும் கரோட்டினொயிட்டுகளும் ஒருங்கே இருக்கின்றன.

பனங்களி என்றதும் பனாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். களியைப் பிசைந்தெடுத்து, பந்தலில் விரித்த ஓலைப்பாயில் மெல்லிதாய்ப் பூசி, வெயிலில் உலரவிட்டு, அதன்மேல் மறுபடை பூசி, தகடாகத் தடித்தபின் உரித்தெடுப்பது நம் ஊர் முறை. ஆய்வுகூடத்தில் படலம் வார்ப்பவரும் கரைசலைத் தட்டில் ஊற்றி, நீரை ஆவியாக விட்டு, உரித்தே எடுக்கிறார். முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று மார்தட்டுவதற்காக இதைக் கூறவில்லை. பனாட்டு உண்பதற்கானது, உறையிடுவதற்கானதன்று. உலர்த்தும் வேகம், படையின் தடிப்பு, உரியும் பதம் ஆகியவற்றைக் கையால் அறிந்த மக்கள் இங்கு இன்னும் இருக்கின்றனர் என்பதே நாம் குறிக்க விரும்புவது. அவர்களைப் பயிற்சிப் பட்டறையில் பார்வையாளராக அமர்த்துவது மடமை.

இனி ஆய்வாளர்களை நோக்கிச் சில சொற்கள். இத்துறைக் கட்டுரைகளிற் பலவற்றில் ஒரு சோதனை தவறாது இடம்பெறுகிறது. டிபிபிஎச் என்னும் சேர்மத்தின் ஊதா நிறக் கரைசலில் படலத்தின் சாற்றைச் சேர்ப்பார்கள். ஊதா வெளிறி மஞ்சளாகும். வெளிறிய அளவே எதிரியின் வன்மை என்று அட்டவணை எழுந்துவிடும். அச்சோதனை மெதனோலில் நடைபெறுவது. கருவாடு மெதனோலில் மிதப்பதில்லை. சாறு வன்மையுடையது என்பதையே அம்மஞ்சள் நிறம் உணர்த்தும். அது படலத்தை விட்டு வெளியேறி, மீனின் கொழுப்பை அடைந்து, அங்கே வேலை செய்கிறதா என்ற வினாவுக்கு அதில் விடையில்லை. மாதக்கணக்கில் பொதியிட்டு வைத்த உணவில் பெரொட்சைட்டு அளவையும் ஈற்றுவிளைவான அல்டிகைட்டுகளின் அளவையும் கண்டு, உண்பவரின் நாவையும் கேட்ட பின்னரே உறை காக்கிறது என்று சொல்லலாம்.

வெளியேறுதல் என்ற அச்செயலில்தான் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது. கைற்றோசான் ஈரத்தை விரும்புவது. ஈரமான உணவைத் தொட்டால் படலம் வீங்கும். வீங்கிய வலையின் கண்கள் அகல, உள்ளே இருந்த பீனோல்கள் முதல் நாளிலேயே வெள்ளமாக வெளியேறிவிடலாம். உலர்ந்த உணவைத் தொட்டால் படலம் வீங்காது. பீனோல்கள் கைற்றோசானை இறுகப் பற்றிக்கொண்டு அங்கேயே கிடந்துவிடும். ஆகவே முழுதும் உலர்ந்த தட்டை வடைக்கு இத்தகைய படலம் எதிரியைப் பெரிதாக வெளிவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அங்கே அது தரும் பயன், ஒளியை மறைப்பதும் ஒட்சிசனைத் தடுப்பதுமே. கறுவா, கராம்பு ஆகியவற்றின் ஆவியாகும் எண்ணெய்களை அடக்கினால் அவை காற்றுவழி உணவை அடையும். ஆனால் கறுவா மணக்கும் வடையை வாங்க எவரும் முன்வரமாட்டார். முற்றாகக் காயாத, சற்றே ஈரப்பிடிப்புள்ள, எண்ணெய் மேற்பரப்பில் கசிந்து படலத்தை நேரடியாகத் தொடுகின்ற கருவாடே இம்முறைக்கு ஏற்ற உணவு. சிறிது சாற்றின் மணமும் அதில் மறைந்துவிடும். எல்லா உணவுக்கும் ஒரே படலம் என்று விளம்பரம் செய்வோரை ஐயத்தோடு நோக்க வேண்டும்.

சோற்றுப் பொதியையும் இங்கே நாம் விலக்குகிறோம். 2017 ஏப்பிரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பின், அவ்வாண்டு செப்டெம்பரில் லஞ்ச் சீற், றிஜிபோம் பெட்டி ஆகியன நாட்டில் தடைசெய்யப்பட்டன. சட்டம் வந்தது, பழக்கம் பெரிதாக மாறவில்லை. குப்பை கொட்டப்படும் கல்லுண்டாய் வெளியைக் கடந்து செல்பவர் மூக்கைப் பொத்திக்கொள்வது இன்றும் நின்றபாடில்லை. இந்நிலையில், லஞ்ச் சீற்றுக்கு மாற்றாக உயிர்ப்பல்பகுதியப் படலம் வருகிறது என்ற பேச்சு எழுமாயின் அது வீண் பேச்சு. சமைத்து இரண்டு மூன்று மணி நேரத்தில் உண்ணப்படும் சோற்றுக்கு ஒட்சியேற்ற எதிரி எதற்கு? அதற்கு வாழையிலை போதும். நீர்வேலியில் அதற்குப் பஞ்சமில்லை. விலையுயர்ந்த அறிவை மலிந்த இலையின் வேலைக்கு அனுப்புவது எவ்வகையிலும் தகாது.

உற்பத்தியிலும் ஒரு மெய்ம்மையை மறைக்கலாகாது. பொலித்தீனை உருக்கி, குமிழியாக ஊதி, மணிக்கு நூற்றுக்கணக்கான மீற்றர் சுருளாக இழுக்கலாம். கைற்றோசான் உருகுவதில்லை, உருகுமுன்னரே கருகிச் சிதையும். தட்டில் ஊற்றி உலர்த்தும் முறையோ ஆய்வுகூடத்துக்குச் சரி, சந்தைக்குப் போதாது. படலத்தின் உறுதியும் பருவத்தோடு மாறுவது. மாசி மாதத்து வறண்ட காற்றில் ஒட்சிசனை நன்கு தடுக்கும் படலம், கார்த்திகை மழையில் ஈரத்தை உறிஞ்சித் துவண்டுவிடும். கிளிசரோல் சேர்த்து நெகிழ்வாக்கினால் துவட்சி இன்னும் கூடும். ஆதலால் தனிப்படலத்தை வார்க்க முயல்வதைவிட, தடித்த தாளின் உட்புறத்தில் கைற்றோசான் கரைசலை மெல்லிய பூச்சாகப் பூசி, வெளிப்புறத்தை ஈரம் புகாதவாறு காப்பதே குடாநாட்டின் கையிருப்புக்கும் காலநிலைக்கும் பொருந்தும். தாளில் பூசுவதற்குப் பெரும் ஆலை வேண்டியதில்லை. ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கட்டடம் போதும்.

இதுவரை கூறியவை அறிவியலின் இடர்கள். இனிக் கூறுவது மண்ணின் இடர். இத்தலையங்கம் எழுதப்படுவதற்கு அதுவே முதற் காரணம்.

நண்டோட்டைக் கைற்றோசானாக்க மூன்று படிகள் உண்டு. ஐதரோகுளோரிக் அமிலத்தால் ஓட்டிலுள்ள கல்சியம் காபனேற்றைக் கரைப்பது முதலாவது. சோடியம் ஐதரொட்சைட்டால் புரதத்தை நீக்குவது இரண்டாவது. நூற்றுக்கு 40 முதல் 50 வீதம் வரை செறிந்த அதே காரத்தில், கொதிநிலையை அண்டிய வெப்பத்தில் மணிக்கணக்காக வேகவைப்பது மூன்றாவது. ஒவ்வொரு படியின் முடிவிலும் பெருமளவு நன்னீரிற் கழுவ வேண்டும். கழுவிய நீர் எங்கே போகும்? குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் தேங்கிய மழைநீரே. அமிலம் சுண்ணாம்புக்கல்லைத் தின்னும் என்பதைப் பாடசாலை மாணவரும் அறிவர். வெடிப்புவழி இறங்கிய அழுக்கு அயற்கிணற்றை அடைய நெடுநாள் ஆகாது.

இது கற்பனை அச்சமன்று. சுன்னாகத்தில் அனல்மின் உற்பத்தியின் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்த வழக்கில், 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, ஆனால் கிணற்று நீரை இழப்பீட்டால் மீட்க இயலாது. பசுமைத் தொழில் என்ற பெயர் சூட்டிக்கொண்டு வரும் கார ஆலையும் ஆலைதான். கழிவு நீரை நடுநிலைப்படுத்தி மீளப் பயன்படுத்தும் ஏற்பாட்டை முதல் நாளிலேயே காட்டாத எந்த முயற்சிக்கும், அது எவ்வளவு வேலைவாய்ப்பை வாக்களித்தாலும், குடாநாட்டின் சுண்ணாம்புத் தரையில் மத்திய சுற்றாடல் அதிகாரசபை உரிமம் வழங்கலாகாது. வன்மையான அமிலமும் காரமும் இன்றி இலக்ரிக் அமில பற்றீரியாக்களைக் கொண்டு ஓட்டைப் பதப்படுத்தும் முறைகளும் ஆராயப்பட்டு வருகின்றன. நம் பல்கலைக்கழகம் தன் உழைப்பைச் செலவிடத்தக்க இடம் அது. அதுவரை வேண்டிய சிறிதளவு கைற்றோசானை விலைக்கு வாங்கி உறையைச் சோதிப்பதில் மானக்கேடு எதுவுமில்லை.

கடற்பாசியைப் பற்றியும் இதே விழிப்பு வேண்டும். வடக்கின் ஆழமற்ற கடலில் கப்பாபைக்கஸ் பாசி வளர்க்கப்படுகிறது; அதிலிருந்து பெறும் கரஜீனன் அழகிய படலம் தரும். பாக்கு நீரிணைக்கு அப்பால், மண்டபம் கரையில் இதே பாசி பரவலாகப் பயிரிடப்பட்டபின், அது குருசடைத்தீவின் பவளப்பாறைகளின்மேற் படர்ந்ததை இந்திய ஆய்வாளர்கள் 2008 இல் பதிவுசெய்தனர். நமக்கும் அவர்களுக்கும் இடையில் இருப்பது ஒரே கடல்.

உண்பவரின் பாதுகாப்புக்கு வருவோம். இயற்கையானது ஆதலால் தீங்கற்றது என்ற வாதம் பனங்களியிலேயே தோற்றுப்போகிறது. களியின் கசப்புக்குக் காரணமான பிளபெலிபெரின்களைப் பேராசிரியர் ஜான்ஸ் குழுவினர் ஆராய்ந்து, அவை நாவோடு நில்லாமல் உடலிலும் தொழிற்படுபவை என்று காட்டினர். நண்டு, இறால் ஒவ்வாதோர் உலகெங்கும் உளர். நண்டோட்டிலிருந்து வந்த பொருளில் எஞ்சிய புரதம் இருக்குமாயின், அவ்வுறையில் வைத்த முறுக்குகூட அவர்களுக்கு நஞ்சாகலாம். எதனால் ஆன உறை என்பது பொதியின்மேல் மும்மொழியிலும் எழுதப்பட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2009 ஆம் ஆண்டின் 450 ஆம் இலக்க ஒழுங்குவிதியால், உணவுக்குள் எதையேனும் வெளிவிடும் உறைகளைத் தனி வகையாக்கியது. வெளிவரும் பொருள் உணவுச் சேர்க்கைக்கான விதிகளுக்கும் அடங்கியாக வேண்டும் என்பது அதன் சாரம். நம் கருவாடு பாரிசின் இலா சப்பல் கடைத்தெருவை அடைய வேண்டுமாயின் அவ்வாயிலைக் கடந்தே ஆக வேண்டும். இலங்கையின் உணவுச் சட்டம் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கத்தது. வெளிவிடும் உறைகளை நோக்கிய தெளிவான விதிகளைச் சுகாதார அமைச்சு அதன்கீழ் வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். விதி இல்லாத இடத்தில் நேர்மையான உற்பத்தியாளர் தயங்கி நிற்பார், ஏமாற்றுவோர் முந்திக்கொள்வர்.

இவ்வளவு தடைகளையும் அடுக்கியபின், இம்முயற்சி வேண்டாம் என்கிறோமா? இல்லை. வேண்டும் என்றே சொல்கிறோம். ஆனால் சிறிதாக, ஒரே உணவில், அளந்து பார்த்துத் தொடங்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியில் இருக்கிறது. பனை ஆராய்ச்சி நிறுவகம் கைதடியில் இருக்கிறது. கருவாடு போடும் குடும்பங்கள் கரையோரமெங்கும் இருக்கின்றன. இம்மூவரும் ஒரே மேசையில் அமர்வது அரிதாகவே நிகழ்கிறது. பட்டதாரி மாணவரின் ஆய்வேடு நூலக அடுக்கில் உறங்க, கருவாடு வழக்கம்போற் பழுப்பேறுகிறது.

எனவே நம் வேண்டுகோள் இது. ஒரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தைத் தெரிந்தெடுங்கள். ஒரே நாளில் உலர்த்திய சூடைக் கருவாட்டை மூன்றாகப் பிரியுங்கள். முதற்பங்கை வழமையான பொலித்தீன் பையிலும், இரண்டாம் பங்கை ஒளிபுகாத சாதாரணப் பையிலும், மூன்றாம் பங்கை முருங்கையிலைச் சாறு சேர்த்த கைற்றோசான் பூசிய தாளிலும் இடுங்கள். மாசியில் தொடங்கி மாரி முடியும்வரை மாதந்தோறும் திறந்து அளவிடுங்கள். கருவாடு வாங்கிப் பழகிய பெண்களிடம் சுவை கேளுங்கள். ஒளிபுகாப் பை ஒன்றே பெரும்பயன் தந்துவிடுமாயின் அதனையும் ஒளிக்காமற் சொல்லுங்கள். ஏழைத் தொழிலாளிக்கு அதுவும் பெரும் உதவி. செலவை மாகாண நிருவாகம் ஏற்கட்டும். பெறுபேற்றை, வெற்றியாயினும் தோல்வியாயினும், கரையிலுள்ளோர் படிக்கத்தக்க தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு சங்கத்துக்கும் அனுப்புங்கள்.